கிளவுடில் டிஸ்க்கைப் பெருக்க ஐந்து நிமிடம், குறைக்க ஒரு ராத்திரி

இந்த வேலையில் நான் சேர்ந்தபோது எங்கள் முக்கியமான டேட்டாபேஸ் சர்வரில் ஒரு டெராபைட் டிஸ்க் மாட்டியிருந்தது. உள்ளே இருந்த தரவு நூறு ஜிகாபைட்டைக்கூடத் தொடவில்லை. “எதுக்குண்ணா இவ்வளவு பெரிய டிஸ்க்?” என்று எனக்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். “இடத்துக்கு இல்லப்பா, வேகத்துக்கு” என்றார்.

அந்தப் பதில் அன்றைக்குச் சரியானதுதான். ஆனால் அது சரியாக இருந்த காலம் முடிந்த பிறகும் அந்த ஒரு டெராபைட் அப்படியே நின்றது. மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தது. கிளவுடில் டிஸ்க் விஷயமே இப்படித்தான்: பெருக்குவதற்குப் பொத்தான் உண்டு, குறைப்பதற்கு இல்லை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகளில் பாதி தானாக வந்துவிடும்.

நாங்கள் ஜவுளிக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் நடத்துகிறோம். ஆபீஸ் கோவையில், சர்வர்கள் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்-இன் மும்பை ரீஜியனில். அதனால் இங்கே சொல்வது பெரும்பாலும் ஈசி2 என்ற வாடகை மெஷின்களும் அவற்றில் மாட்டும் ஈபிஎஸ் வால்யூம்களும், அதாவது டிஸ்க்குகளும்தான். அஸூரிலும் கூகுள் கிளவுடிலும் பெயர்கள் மாறும். பெருக்கலாம், குறைக்க முடியாது என்ற விதி அங்கேயும் இதேதான்.

முதலில் அந்த வேகக் கணக்கு. ஈபிஎஸ் டிஸ்க் மெஷினுக்குள் இருப்பதில்லை. அதே அவைலபிலிட்டி ஜோனில், அதாவது ரீஜியனுக்குள் இருக்கும் அதே டேட்டா சென்டர் தொகுதியில், வேறெங்கோ இருந்துகொண்டு நெட்வொர்க் வழியாக வருகிறது. ஆகவே எவ்வளவு இடம் என்பது ஒரு கேள்வி, நொடிக்கு எத்தனை முறை படிக்கலாம் எழுதலாம் என்பது வேறு கேள்வி. இரண்டாவதைத்தான் ஐஓபிஎஸ் என்கிறோம். 2014இல் வந்த ஜிபி2 என்ற வகையில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கட்டிப்போடப்பட்டிருந்தன: ஒரு ஜிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ். நூறு ஜிகாபைட் வாங்கினால் 300தான் நிலையான வேகம். தேவைப்படும்போது 3000 வரை எகிறலாம், ஆனால் அதற்குச் சேமிப்பில் கிரெடிட் இருக்க வேண்டும். மாடித் தொட்டி மாதிரி. மெல்லிய குழாயில் நிரம்பும், பெரிய குழாயில் காலியாகும்.

தொட்டியின் கொள்ளளவு 54 லட்சம் ஐஓ. நூறு ஜிகாபைட் டிஸ்க்கை முழு வேகத்தில் ஓட்டினால் நொடிக்கு 3000 செலவாகும், 300 உள்ளே வரும். சுமார் 33 நிமிடத்தில் தொட்டி காலி. மறுபடி நிரம்ப, டிஸ்க்கைத் தொடாமல் விட்டால்கூட ஐந்து மணி நேரம் ஆகும். ஜவுளிக்கடை ஆட்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலையிலிருந்து பில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் கடை சாத்தும் நேரத்தில் எல்லாக் கிளைகளும் ஒரே சமயத்தில் அன்றைய ரிப்போர்ட் எடுக்கும். அரை மணி நேரம் நன்றாக ஓடும், திடீரென்று எல்லாமே ஊர்ந்து போகும். சிபியு சும்மா கிடக்கும், மெமரி இருக்கும், யாருக்கும் காரணம் புரியாது. ஏடபிள்யூஎஸ்-இன் கண்காணிப்பு வசதியான கிளவுட்வாட்ச்சில் ‘பர்ஸ்ட் பேலன்ஸ்’ என்று ஒரு அளவு இருக்கிறது. அது பூஜ்யத்தில் கிடப்பதைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

இதற்குத் தீர்வாகத்தான் அந்த அண்ணன் டிஸ்க்கை ஒரு டெராபைட் ஆக்கியிருந்தார். ஒரு டெராபைட் என்றால் நிலையான வேகமே 3000ஐத் தாண்டிவிடும், தொட்டிக் கணக்கே வேண்டாம். காலி இடத்துக்குப் பணம் கட்டி வேகம் வாங்கினார். அந்தக் காலத்தில் இதை நிறைய பேர் செய்தார்கள்.

2020 டிசம்பரில் ஜிபி3 வந்தது. எந்த அளவு டிஸ்க்காக இருந்தாலும் அடிப்படையாக 3000 ஐஓபிஎஸ், நொடிக்கு 125 எம்பி வேகம். தொட்டி கிடையாது. அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்டி வாங்கிக்கொள்ளலாம், இடத்தைப் பெருக்க வேண்டியதில்லை. விலையும் ஜிபி2ஐ விட 20 சதவீதம் குறைவு. அமெரிக்காவின் வர்ஜீனியா ரீஜியன் கணக்கில் ஜிகாபைட்டுக்கு மாதம் 10 சென்ட் இருந்தது 8 சென்ட் ஆனது. மும்பையில் இரண்டுமே சற்று அதிகம்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜிபி2இலிருந்து ஜிபி3க்கு மாற்றலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றக் கூடாது. 334 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் இருந்த ஜிபி2 டிஸ்க்குகளுக்கு நொடிக்கு 250 எம்பி வரை கிடைத்துக்கொண்டிருந்தது. ஜிபி3இன் அடிப்படை அதில் பாதி. 2 டெராபைட் ஜிபி2 என்றால் ஐஓபிஎஸ்ஸும் 6000க்கு மேல். இவற்றை மாற்றும்போது அந்த இரண்டு எண்களையும் பார்த்து, தேவையானதை எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கூடுதலாக வாங்கினாலும் பெரும்பாலும் பழையதைவிட மலிவாகத்தான் முடியும். இன்னொன்று: மெஷினுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. சின்ன மெஷினில் கொண்டுபோய் 10,000 ஐஓபிஎஸ் டிஸ்க்கை மாட்டினால் பணம்தான் ஓடும், டிஸ்க் ஓடாது. சின்ன மெஷின்களின் விவரப் பட்டியலில் போட்டிருக்கும் பெரிய எண் பல சமயம் 24 மணி நேரத்தில் அரை மணி நேரத்துக்கு மட்டும் உறுதி சொல்லப்படும் எண். பக்கத்துப் பத்தியில் இருக்கும் அடிப்படை எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, ஜிபி3 ஆக்கியாயிற்று. ஒரு டெராபைட் இப்போது எதற்கு? எதற்கும் இல்லை. ஆனால் குறைக்க வழி இல்லை. அதற்கு ஒரு ராத்திரி வேலை பார்க்க வேண்டியிருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். பெருக்குவதை முதலில் முடித்துவிடலாம்.

2017 பிப்ரவரிக்கு முன்பு பெருக்குவதே தொல்லைதான். ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க்கின் அந்த நேரத்து நகல், எடுத்து, அதிலிருந்து பெரிய வால்யூம் உருவாக்கி, மெஷினை நிறுத்தி மாட்ட வேண்டும். இலாஸ்டிக் வால்யூம்ஸ் என்ற வசதி வந்த பிறகு கன்சோலில், அதாவது ஏடபிள்யூஎஸ்-இன் நிர்வாகப் பக்கத்தில், எண்ணை மாற்றினால் போதும். ‘ஆப்டிமைசிங்’ என்று காட்ட ஆரம்பித்ததுமே புது இடத்தைப் பயன்படுத்தலாம், அது முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். கன்சோலில் 200 என்று இருக்கிறது, சர்வரில் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்தால் இன்னும் 100 என்றே காட்டுகிறது. காரணம், டிஸ்க் ஒன்று, அதன் மேல் பார்ட்டிஷன் என்ற பிரிவு ஒன்று, அதன் மேல் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டம் ஒன்று. நீங்கள் மாற்றியது அடியில் இருப்பதை மட்டும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை கொடுத்துப் பார்த்தால் டிஸ்க் 200, பார்ட்டிஷன் 100 என்று தெளிவாகத் தெரியும். க்ரோபார்ட் கட்டளையால் பார்ட்டிஷனை நீட்ட வேண்டும். டிஸ்க்கின் பெயருக்கும் பார்ட்டிஷன் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், சேர்த்து எழுதினால் திட்டும். அப்புறம் ஃபைல் சிஸ்டம். இஎக்ஸ்டி4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், அதற்கு டிவைஸ் பெயர் கொடுக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்-க்ரோஎஃப்எஸ், அதற்கு மவுன்ட் ஆன இடத்தை, அதாவது டிஸ்க்கை இணைத்திருக்கும் ஃபோல்டரை, கொடுக்க வேண்டும். எதையும் நிறுத்தத் தேவையில்லை. பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருந்தால் 2 டெராபைட்டுக்கு மேல் போகாது, ஜிபிடி என்ற புது வகை வேண்டும்.

தரவுக்கென்று தனி டிஸ்க் போடும்போது நான் பார்ட்டிஷனே போடுவதில்லை. முழு டிஸ்க்கின் மேலும் நேரடியாக ஃபைல் சிஸ்டம். பெருக்கும்போது ஒரு படி குறைகிறது. இதைத் தப்பு என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. பார்ட்டிஷன் டேபிள் இல்லாத டிஸ்க்கைக் காலி டிஸ்க் என்று யாராவது நினைத்து அழித்துவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். வால்யூமுக்கு ஒழுங்காகப் பெயரும் டேகும் வைத்தால் அந்தப் பயம் இல்லை என்பது என் அபிப்பிராயம். டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் எல்விஎம் என்ற அடுக்கையும் நான் போடுவதில்லை. இருக்கிற டிஸ்க்கே ஓடும்போது வளர்கிறது என்றால் இடையில் இன்னொரு அடுக்கு எதற்கு? பல டிஸ்க்குகளைச் சேர்த்து வேகம் வாங்கும் தேவை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் நிதானமாகச் செய்யும்போது. உண்மையில் டிஸ்க்கைப் பெருக்கும் வேலை ராத்திரியில்தான் வரும். எங்கள் பையன் ஒருவன் கூப்பிட்டான்: “அண்ணா, டிஸ்க் ஃபுல். சைட் டவுன். நான் வால்யூமப் பெருசு பண்ணிட்டேன், ஆனா க்ரோபார்ட் ஓட மாட்டேங்குது.” திரையில் ‘டிவைசில் இடம் இல்லை’ என்ற அதே பிழை. இடத்தைப் பெருக்கும் கட்டளைக்கே டெம்ப் ஃபோல்டரில் கொஞ்சம் இடம் வேண்டும். இயங்குதளம் இருக்கும் ரூட் டிஸ்க் ஒரு பைட்கூட விடாமல் நிறைந்திருந்தால் அது தன் தற்காலிக ஃபோல்டரை உருவாக்க முடியாமல் நின்றுவிடும். வழி என்னவென்றால், டெம்ப் மேல் 10 எம்பிக்கு ஒரு டிஎம்பிஎஃப்எஸ்ஸை, அதாவது மெமரியில் இருக்கும் ஒரு குட்டி டிஸ்க்கை, மவுன்ட் செய்துவிட்டு க்ரோபார்ட்டை ஓட்டுவது. வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு இது யாருக்கும் ஞாபகம் வராது. எங்கள் குழுவின் குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னொரு சிக்கல் அந்த ராத்திரிகளில் உண்டு. ஒருமுறை வால்யூமை மாற்றினால் அடுத்த மாற்றத்துக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பதற்றத்தில் 20 ஜிகாபைட் கூட்டினீர்கள், எதுவோ லாக் எழுதித் தள்ளிக்கொண்டிருக்கிறது, ஒரு மணி நேரத்தில் அதுவும் நிறைந்தது என்றால் விடியும்வரை கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சரி, பயந்துகொண்டு 500 கூட்டிவிட்டால்? அது என்றைக்கும் இறங்காது. அதனால் டிஸ்க் ஃபுல் என்று அழைப்பு வந்தால் முதலில் பெருக்காதே, முதலில் எது தின்கிறது என்று பார் என்பது எங்கள் பழக்கம். அந்த மூச்சுவிடும் நேரத்துக்காகவே ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு ஜிகாபைட்டில் ஒரு வெற்றுக் கோப்பு வைத்திருக்கிறோம். டிஸ்க் நிறைந்தால் முதலில் அதை அழிப்போம். சைட் எழுந்துகொள்ளும், அப்புறம் நிதானமாகத் தேடலாம்.

தேடுவதிலும் நிறைய சூட்சுமம் இருக்கிறது. அடிக்கடி வரும் புதிர்: டிஎஃப் 100 சதவீதம் என்கிறது, டியு கட்டளையால் எல்லா ஃபோல்டரையும் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. பெரும்பாலும் யாரோ ஒரு பெரிய லாக் கோப்பை அழித்திருப்பார்கள். ஆனால் அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ‘ப்ளஸ் எல்1’ சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆவிகளின் பட்டியல் வரும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். ஓடிக்கொண்டிருக்கும் லாக் கோப்பை ஆர்எம் போட்டு அழிக்காமல் ட்ரன்கேட் செய்து காலியாக்கினால் இந்தப் புதிரே வராது.

அடுத்தது ஐநோடு, அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்றாகச் செலவாகும் பதிவு. டிஎஃப்-இல் பாதி டிஸ்க் காலி என்று காட்டும், ஆனால் ஒரு கோப்பு எழுத முடியாது. இஎக்ஸ்டி4இல் எத்தனை கோப்புகள் இருக்கலாம் என்பது ஃபார்மட் செய்யும்போதே தீர்மானமாகிவிடும். செஷன் கோப்புகளைச் சுத்தம் செய்யாத பிஎச்பி அப்ளிகேஷன் ஒன்று லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகளைப் போட்டு அந்த எண்ணிக்கையைத் தீர்த்துவிட்டிருந்தது. டிஎஃப் கட்டளைக்கு ஐ என்ற விருப்பம் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். இஎக்ஸ்டி4 ரூட் பயனருக்காக 5 சதவீத இடத்தை ஒதுக்கி வைக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. ரூட் டிஸ்க்கில் அது நல்லது. ஒரு டெராபைட் தரவு டிஸ்க்கில் அது 50 ஜிகாபைட் சும்மா கிடப்பது. ட்யூன்2எஃப்எஸ்-ஆல் அதை ஒரு சதவீதமாகக் குறைக்கலாம், டிஸ்க் வாங்காமலே இடம் கிடைக்கும்.

அப்ளிகேஷன்களைக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரைப் பற்றி ஒரு வரி போதும்: லாக் கோப்புக்கு உச்சவரம்பு வைக்காமல் கன்டெய்னர் ஓட்டாதீர்கள், தானாக வரம்பு இருக்காது.

இவ்வளவுக்கும் அடிப்படையில் ஒரு விஷயம் பலரை ஏமாற்றுகிறது. கிளவுட்வாட்ச்சில் டிஸ்க் எழுதும் வேகம், படிக்கும் வேகம் எல்லாம் தானாக வரும். டிஸ்க் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்பது வராது. அது ஃபைல் சிஸ்டத்துக்குள் இருக்கும் தகவல், வெளியிலிருந்து தெரியாது. மெஷினுக்குள் ஏஜென்ட் என்ற கண்காணிப்பு புரோகிராமைப் போட்டால்தான் வரும். கிளவுடில்தானே இருக்கிறது, அலாரம் வந்திருக்க வேண்டுமே என்று எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் நியாயமாகவே கேட்டிருக்கிறார்.

இனி அந்த ஒரு டெராபைட்டுக்கு வரலாம்.

ஸ்னாப்ஷாட் எடுத்துச் சின்ன வால்யூம் ஆக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்கும் வால்யூம் குறைந்தபட்சம் மூல வால்யூமின் அளவாவது இருக்க வேண்டும், உள்ளே தரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும். ஸ்னாப்ஷாட் டிஸ்க்கின் துண்டுகளான பிளாக்குகளைத்தான் பார்க்கிறது, கோப்புகளை அல்ல. போதாததற்கு அந்த டிஸ்க்கில் எக்ஸ்எஃப்எஸ் இருந்தது. இஎக்ஸ்டி4ஐ மவுன்ட் கழற்றிவிட்டுச் சுருக்கலாம், எக்ஸ்எஃப்எஸ்ஸில் அந்த வசதி இல்லை. எப்படிப் பார்த்தாலும் கோப்புகளைப் புது டிஸ்க்குக்கு நகர்த்துவதுதான் வழி.

அதே ஜோனில் 200 ஜிகாபைட் ஜிபி3 வால்யூம் ஒன்று உருவாக்கி மாட்டினோம். கன்சோலில் எஸ்டிஎஃப் என்று பெயர் கொடுத்தால் மெஷினுக்குள் அது என்விஎம்இ1என்1 என்ற பெயரில் வந்து நிற்கும். நைட்ரோ வகை மெஷின்களில் அப்படித்தான், மறுபடி பூட் ஆகும்போது அந்த எண் மாறவும் செய்யலாம். அதனால் பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் டிவைஸ் பெயரை எழுதவே கூடாது, ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்ணான யுயுஐடிதான். கூடவே ‘நோஃபெயில்’ என்ற விருப்பமும். அது இல்லாமல் ஒரு எழுத்து பிசகினாலும் மெஷின் பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். கிளவுட் மெஷினுக்குப் போய் கீபோர்டு மாட்ட முடியாது. ரூட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டித் திருத்திக் கொண்டுவர வேண்டும். அந்த வேறொரு மெஷின் அதே மெஷின் இமேஜிலிருந்து, அதாவது அதே அச்சிலிருந்து, வந்ததாக இருந்தால் இரண்டு ரூட் டிஸ்க்குக்கும் ஒரே யுயுஐடி இருக்கும். எக்ஸ்எஃப்எஸ் மவுன்ட் ஆகவே மறுக்கும், ‘நோயுயுஐடி’ விருப்பம் கொடுத்தால்தான் சம்மதிக்கும். தலைவலிக்கு மேல் தலைவலி.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அதன் ஆவணத்திலேயே இதற்கு ஒரு முறை சொல்லியிருக்கிறது: சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்சிங்க் கட்டளையால் ஒருமுறை நகல் செய்வது, பிறகு சர்வரை நிறுத்தி இன்னொருமுறை செய்வது. முதல் சுற்று மணிக்கணக்கில் போனாலும் யாருக்கும் பாதிப்பில்லை. அந்த நகல் பயன்படாத நகல்தான், ஓடும்போது எடுத்தது உள்ளுக்குள் ஒத்துப்போகாது. ஆனால் பெரும்பான்மைத் தரவு இடம் மாறிவிட்டிருக்கும். இரண்டாம் சுற்றில் மாறியதை மட்டும் சரிசெய்தால் போதும். இந்த இரண்டாம் சுற்றில் கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் செக்சம் விருப்பம் அவசியம். ஆர்சிங்க் வழக்கமாகக் கோப்பின் அளவையும் மாறிய நேரத்தையும் வைத்துத்தான் முடிவு செய்யும். நேரத்தை நொடிக் கணக்கில்தான் பார்க்கிறது என்பதால் அதே நொடிக்குள் நடந்த மாற்றத்தைத் தவறவிட வாய்ப்பு உண்டு. செக்சம் என்றால் எல்லாக் கோப்பையும் இரண்டு பக்கமும் முழுதாகப் படித்தாக வேண்டும், எனவே சேவை நிறுத்தும் நேரத்தைக் கணக்கிடும்போது இதைச் சேர்க்க வேண்டும். இங்கேதான் 125 எம்பி வரம்பு கடிக்கும். அந்த ராத்திரிக்கு மட்டும் இரண்டு வால்யூமின் வேகத்தையும் காசு கொடுத்து உயர்த்தி வைத்தோம். வேகத்தைப் பொறுத்தவரை மேலேயும் கொண்டுபோகலாம், கீழேயும் இறக்கலாம். இறங்காதது இடம் மட்டும்.

கடைகள் எல்லாம் சாத்திய பிறகு சேவையை நிறுத்தி, இரண்டாம் சுற்று முடித்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, புதியதை அதே இடத்தில் மவுன்ட் செய்து எழுப்பினோம். எழுந்தது. பழைய டிஸ்க்கை உடனே அழிக்கவில்லை. மாத முடிவுக் கணக்கு ஒழுங்காக ஓடி முடியும்வரை ‘அழிக்க வேண்டாம்’ என்று டேக் போட்டு ஓரமாக வைத்திருந்தோம். தாங்கமுடியாத செலவில்லை, நிம்மதிக்கு விலை அவ்வளவுதான்.

ரூட் டிஸ்க்கை இப்படிக் குறைக்க முயலாதீர்கள் என்றுதான் சொல்வேன். பூட்லோடர், பார்ட்டிஷன் எல்லாம் சரிசெய்ய வேண்டும். முடியாததல்ல, ஆனால் அந்த நேரத்தில் புது மெஷின் எழுப்பி அப்ளிகேஷனை மறுபடி நிறுவிவிடலாம். அதற்கு வசதியாகத்தான் ரூட் டிஸ்க் சின்னதாகவும், தரவு தனி டிஸ்க்கிலும் இருக்க வேண்டும் என்கிறேன். ரூட்டுக்கு 20 அல்லது 30, தரவுக்கு இன்றைய தேவையும் சில மாதத்து வளர்ச்சியும். மூன்று வருடத்துக்குச் சேர்த்து வாங்கும் பழக்கம் சொந்த சர்வர் காலத்துப் பழக்கம். அப்போது டிஸ்க் வாங்க டெண்டர், பில், டெலிவரி என்று மாதக்கணக்கில் ஆகும். இங்கே ஐந்து நிமிடம்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் அக்கவுன்ட்ஸ் மேடம் ஒருநாள் கேட்டார்: “ஏங்க, டெஸ்ட் சர்வரை எல்லாம் நிறுத்திட்டோம்னு சொன்னீங்க, பில் அப்படியேதானே வருது?” மெஷினை நிறுத்தினால் மெஷினுக்கான வாடகை நிற்கும். டிஸ்க்குக்கான வாடகை நிற்காது, அது உள்ளே தரவை வைத்துக்கொண்டுதானே இருக்கிறது. மெஷினை ஒரேயடியாக நீக்கினால்கூட ரூட் டிஸ்க் மட்டும்தான் இயல்பாகக் கூடவே போகும். பின்னால் தனியாக மாட்டிய டிஸ்க்குகள் போகாது. ‘அவைலபிள்’ என்ற நிலையில் யாருக்கும் சொந்தமில்லாமல் நின்று வாடகை வாங்கிக்கொண்டே இருக்கும். வால்யூம் பட்டியலை அந்த நிலையை வைத்து வடிகட்டிப் பார்ப்பது எங்களுக்கு இப்போது மாதாந்திர வேலை. டேகில் யாருடையது, எதற்கு, எதுவரை என்ற மூன்றும் இல்லாத வால்யூமைக் குழுவில் அறிவித்து, ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு நீக்குவோம்.

ஸ்னாப்ஷாட்டும் இலவசமில்லை. முதல் ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு வருபவை மாறிய பிளாக்குகளை மட்டும் வைத்திருக்கும் என்பதால் செலவு நாம் பயப்படுகிற அளவு இருக்காது. கன்சோலில் ஒவ்வொன்றுக்கும் நேராக முழு வால்யூமின் அளவைக் காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். மறுபக்கம், பழைய ஒன்றை நீக்கினால் அவ்வளவு பணமும் மிச்சமாகும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பின்னால் வந்தவற்றுக்குத் தேவையான பிளாக்குகள் தங்கிவிடும். மெஷின் இமேஜை நீக்கும்போது அதன் அடியில் இருக்கும் ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்து நீக்கச் சொன்னால்தான் போகும். வருடக்கணக்கில் இமேஜ் எடுத்துத் தள்ளிய ஓர் அக்கவுன்டில் இப்படி மிஞ்சியவை எக்கச்சக்கமாக இருந்தன. டேட்டா லைஃப்சைக்கிள் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னால் தானாக எடுத்துத் தானாக நீக்கும். கையால் எழுதிய ஸ்கிரிப்டைவிட அது மேல், எழுதியவர் வேலையை விட்டுப் போனாலும் ஓடும்.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்கும்போது தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. வால்யூம் உடனே தயார் என்று காட்டும், மவுன்ட் ஆகும், டேட்டாபேஸ் எழும். ஆனால் முதல் முறை தொடும் ஒவ்வொரு பிளாக்கும் அப்போதுதான் ஸ்னாப்ஷாட்டுகள் இருக்கும் எஸ்3 சேமிப்பகத்திலிருந்து இறங்கி வரும். சாதாரணமாக நொடியில் முடியும் குவெரி நிமிடக்கணக்கில் இழுக்கும். வாடிக்கையாளர்களை உள்ளே விடும் முன்பு டிடி அல்லது எஃப்ஐஓ கட்டளையால் டிஸ்க் முழுவதையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். நொடிக்கு 125 எம்பி என்று வைத்தால்கூட ஒரு டெராபைட்டுக்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், எஸ்3இலிருந்து வருவது அந்த வேகத்தில் வருவதும் இல்லை. ஃபாஸ்ட் ஸ்னாப்ஷாட் ரீஸ்டோர் என்று காசு கட்டித் தவிர்க்கலாம், மணிக்கணக்கில் வாடகை, தொடர்ந்து வைத்திருக்க எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. “பேக்கப் இருக்கு சார், பத்து நிமிஷத்துல ஏத்திடலாம்” என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், ஸ்னாப்ஷாட்டுகள் எந்த அக்கவுன்டில் இருக்கின்றன என்பது. 2014 ஜூனில் கோட் ஸ்பேஸஸ் என்ற நிறுவனத்தின் ஏடபிள்யூஎஸ் கன்சோலுக்குள் ஒருவர் புகுந்தார். வால்யூம்கள், ஸ்னாப்ஷாட்டுகள், மெஷின் இமேஜ்கள் என்று பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார். நிறுவனமே மூடப்பட்டது. அவர்களிடம் பேக்கப் இல்லாமல் இல்லை, பேக்கப்புக்கும் மூலத்துக்கும் ஒரே சாவியாக இருந்தது. எங்கள் டேட்டாபேஸ் ஸ்னாப்ஷாட்டின் ஒரு நகல் இப்போது வேறொரு அக்கவுன்டில் இருக்கிறது. அந்த அக்கவுன்டில் தினசரி வேலை பார்க்கும் யாருக்கும் நுழைவு இல்லை. இதைச் செய்யப் போகும்போது இடறும் ஒரு கல்லையும் சொல்லிவிடுகிறேன்: ஏடபிள்யூஎஸ் தானாகக் கொடுக்கும் ஈபிஎஸ் சாவியால் என்கிரிப்ட் செய்த ஸ்னாப்ஷாட்டை வேறு அக்கவுன்டோடு பகிர முடியாது. சாவிகளை நிர்வகிக்கும் கேஎம்எஸ் சேவையில் நாமே உருவாக்கிய சாவியாக இருக்க வேண்டும். ஏற்கனவே பழைய சாவியில் இருந்தால் ஸ்னாப்ஷாட்டைப் புது சாவியோடு நகலெடுத்து, அந்த நகலைப் பகிர வேண்டும். சாவியைப் பயன்படுத்தும் அனுமதியை மறு அக்கவுன்டுக்குத் தனியாகக் கொடுக்கவும் வேண்டும், ஸ்னாப்ஷாட்டைப் பகிர்ந்தால் மட்டும் போதாது. அந்தப் பக்கம் போய் ஒரு வால்யூம் உருவாக்கி, மவுன்ட் செய்து, டேட்டாபேஸை எழுப்பிப் பார்த்த பிறகுதான் ஒரே அக்கவுன்டில் மட்டும் வைத்திருந்த பழைய முறையை நாங்கள் நிறுத்தினோம்.